இருபத்திரண்டாவது கையெழுத்து

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி பாட்டு கற்றுக்கொள்ளப் போனால் ஊர் "அடடா" என்னும். யோகாவுக்குப் போனால் "உடம்புக்கு நல்லதுதானே" என்னும். பட்டு சேர்ந்தது எம்.ஏ. பொது நிர்வாகம். வாயைத் திறந்து அதைச் சொன்ன அன்றைக்கு புனே நிக்டியில் அவள் குடியிருக்கும் பிரபா சொசைட்டி அடுக்குமாடியின் நாற்பது வீடுகளிலும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். லிஃப்டில் ஒருவர், "என்ன மேடம், கலெக்டர் ஆகப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆனேன்னா முதல்ல உங்க கார் நிக்கற இடத்தைத்தான் அளப்பேன்" என்றாள் பட்டு. அந்த மனிதர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். அவர் வீடு அதற்கும் இரண்டு மாடி மேலே.

பட்டுவின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. திருச்சியில் பி.காம். முடித்தாள். தொண்ணூற்றாறில் ஸ்ரீவத்சனுக்கு வாழ்க்கைப்பட்டுப் புனே வந்தாள். அவர் இங்கே மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, செக்‌ஷன் ஆபீசர் வரைக்கும் வந்தவர். வந்த புதிதில் பட்டுவுக்குத் தெரிந்த ஒரே மராத்தி வார்த்தை 'நக்கோ'. வேண்டாம் என்று அர்த்தம். காய்கறிக்காரர், பேப்பர்காரர், வாசலில் மணியடிக்கும் சேல்ஸ்மேன் என்று எல்லோரிடமும் அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஒரு வருஷத்தை ஓட்டினாள். பிறகு மிச்ச மராத்தியும் வந்தது. சண்டை போடும் அளவுக்கே வந்தது. வைஷு என்று ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, பெங்களூருக்கு வேலைக்குப் போனாள்.

படிப்பு ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கவுன்டரிலிருந்து வந்தது. வீட்டு வரி ரசீதில் அவள் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்த வேண்டும் என்று வார்டு அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தாள். எந்த வார்டு, எந்த அலுவலகம் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் அதே நாற்காலி, அதே மேஜைதான். நாலாவது நடையில் அங்கே இருந்தவர், "வீட்ல சார் இருப்பாருல்ல? அவரை அனுப்புங்க" என்றார். பெயர் என்னுடையது, அவர் எதற்கு, எந்த விதியில் அப்படிப் போட்டிருக்கிறது என்று இவள் கேட்டாள். "ரூல்ஸ் எல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம்" என்றார் அவர், தலையைக்கூடத் தூக்காமல். பட்டுவுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. புரியாதா? இரு, புரிஞ்சுண்டு வரேன். அந்த வாரமே தொலைதூரக் கல்வியில் பேர் கொடுத்துவிட்டாள்.

வைஷு போனில், "அம்மா, வொய்? நீ ரெஸ்ட் எடுக்கலாம் இல்லையா?" என்று தன்னுடைய அரைகுறைத் தமிழில் இழுத்தாள். ஸ்ரீவத்சன் தடுக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்தவருக்கு, அரசாங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று மனைவி புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிப்பது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "அதிகாரி மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்" என்று அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே படித்தால், அவர் ஹாலிலிருந்து, "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போன் பண்ணாதவரைக்கும்" என்பார். பட்டுவும் சிரிப்பாள். நல்ல மனிதர். ஒருவர் பொருளைத் தொடமாட்டார், ஒருவரையும் ஏசமாட்டார். சொசைட்டிக்கு ஆறு வருஷமாக அவர்தான் செக்ரட்டரி; வேறு யாரும் அந்த வேலைக்கு வரமாட்டேன் என்றதால் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துச் சிஞ்ச்வட்டில் படிப்பு மையத்தில் வகுப்பு. அங்கேதான் அம்ருதா பழக்கமானாள். இருபத்தாறு வயது. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை, மிச்ச நேரமெல்லாம் மாநில அரசுத் தேர்வுக்குப் படிப்பு. வீடு எங்கே என்று பட்டு கேட்டபோது ஆச்சரியம்! பிரபா சொசைட்டியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்து. பட்டு துணி உலர்த்தும் பால்கனியிலிருந்து பார்த்தால் அம்ருதா வீட்டுத் தகரக்கூரை தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூரையைப் பார்த்திருக்கிறாள், அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை. இப்போது இரண்டு பேரும் பட்டுவின் ஸ்கூட்டியில் ஒன்றாகப் போய் வந்தார்கள். அம்ருதா அவளைக் 'காகூ' என்று கூப்பிட்டாள். மராத்தியில் சித்தி முறை.

இரண்டாம் வருஷத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹரிபிரசாத் சார் இளகிய மனசுக்காரர். "மேடம், எதுக்கு அலைச்சல்? கிராம சபைன்னு போடுங்க. லைப்ரரியில பழைய ரிப்போர்ட் நாலு இருக்கு, பார்த்து எழுதிடலாம்" என்றார். பட்டுவுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. பார்த்து எழுதுவதற்கா ஐம்பத்திரண்டு வயதில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? ஒரு புகார் அலுவலகத்துக்குள்ளே போனால் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, எங்கே தூங்குகிறது, எப்போது சாகிறது. அதை எழுதப் போவதாகச் சொன்னாள்.

"அப்படின்னா எங்க தண்ணிப் புகாரை எடுத்துக்கோங்க காகூ" என்றாள் அம்ருதா.

சந்தின் கதை இது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒன்றாகப் போகும் இடத்தில் எங்கோ விரிசல் விட்டது. தண்ணீர் மஞ்சளாக வந்தது, நாறியது. பிரபா சொசைட்டிக்கும் அதே குழாய்தான் அப்போது. எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் சொசைட்டிக்கு மெயின் ரோட்டிலிருந்து தனிக் குழாய் வந்துவிட்டது. சொசைட்டிக்காரர்கள் அந்தப் பக்கத்தை மறந்தே போனார்கள். சந்துக்கு மட்டும் பழைய குழாய், பழைய தண்ணீர். போன வருஷம் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது அம்ருதாவுக்கு மஞ்சள் காமாலை. ஹால் டிக்கெட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனாலும் ஒரே பதில்: அந்தப் புகார் முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று கேட்டால், கோப்பில் இருக்கிறது.

கோப்பில்தானே இருக்கிறது? அந்த அலுவலகத்தில் திங்கட்கிழமை மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை யார் வேண்டுமானாலும் வந்து கோப்பைப் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள்தான் கிடையாது. ஜூன் முப்பதாம் தேதி திங்கட்கிழமை இவர்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தபோது, கோப்பை எடுத்து வந்தவர் முதலில் ஒரு துணியைத் தேடிப் போய் மேஜையைத் துடைத்தார்.

மராத்தி கையெழுத்தைப் படிப்பது பட்டுவுக்குக் கொஞ்சம் கஷ்டம். அம்ருதா படித்துக்கொண்டே வந்தாள். மனு, அதன் மேல் உள்வரவு முத்திரை, பார்வையிட்ட குறிப்பு, இன்னொரு குறிப்பு, "நிதியாண்டு முடிவதால் நிலுவைகளை முடிக்கவும்" என்று ஒரு சுற்றறிக்கை. கடைசித் தாளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்ன, படி."

"ஒண்ணுமில்ல காகூ."

பட்டு கோப்பைத் தன் பக்கம் திருப்பினாள். 'குறை தீர்ந்தது. தண்ணீர் சுத்தமாக வருகிறது. புகார்தாரருக்கு முழுத் திருப்தி.' தேதி இரண்டாயிரத்து இருபத்து மூன்று, மார்ச் முப்பது. அடியில் சொசைட்டி முத்திரை. அதன் மேல் ஒரு கையெழுத்து. இருபத்தொன்பது வருஷமாக வைஷுவின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும் கேஸ் புத்தகத்திலும் பார்த்துப் பழகிய கையெழுத்து. வாலை நீட்டி ஒரு புள்ளி வைத்த ஸ்ரீவத்சன்.

அம்ருதா கோப்பை மெல்ல மூடினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல காகூ. வேற டாபிக் எடுத்துக்கலாம். கிராம சபை நல்ல டாபிக்தான்" என்றாள். பட்டுவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் எழுதாமல் போன பரீட்சைக்கு பட்டுவின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், இவள் ஒருவேளை அப்போது காபி கலந்து கொடுத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏன்னா, தண்ணி நன்னா வரதுன்னு வார்டு ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேளா?"

அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. வந்தபோது முகம் கொஞ்சம் மாறியது. "அதுவா? இயர் எண்டிங் பட்டு. அந்த இன்ஜினியர் ஆத்துக்கே வந்து நின்னான். பெண்டிங் ஜாஸ்தியா இருக்கு சார், மேல திட்டறா, இதை முடிச்சுக் கொடுங்கோ, ஏப்ரல்ல நானே புதுசா ஓபன் பண்றேன்னான். பாவமா இருந்தது. நம்ம ஆபீஸ்லயும் மார்ச் வந்தா அதே கூத்துதானே? நானும் எத்தனை பேர்கிட்ட போய் நின்னிருக்கேன்!"

இதுதான் நடந்தது. காசு கைமாறவில்லை, மிரட்டல் இல்லை. மார்ச் மாதக் கடைசியில் ஓர் அலுவலகக்காரர் இன்னோர் அலுவலகக்காரர் மேல் காட்டிய இரக்கம். நிலுவை என்றால் என்ன பாடு என்று தெரிந்த மனிதருக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும். அந்த ஏப்ரல் வரவே இல்லை.

"தண்ணியைப் பார்த்தேளா?"

"நமக்குத்தான் புது லைன் வந்துடுத்தே."

"பின்னாடி இருக்கறவாளுக்கு?"

பட்டு அன்றைக்கு நடந்ததையும் அம்ருதாவின் காமாலையையும் சொன்னாள். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். ஆனால், "அப்போ நீங்க வந்து அது தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்கோ" என்று அவள் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு மாசம் இருக்கு பட்டு. நவம்பர் முப்பது ரிட்டயர்மென்ட். கவர்ன்மென்ட் சர்வென்ட் பொய்யா எழுதிக் கொடுத்தான்னு எவனாவது என் ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா போறும். என்கொயரின்னு ஆரம்பிச்சா பென்ஷன் அப்படியே நிக்கும். முப்பத்தாறு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்லே நான். கிளீனா வெளில வரணும். நீ இதுல தலையிடாதே. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. பென்ஷன் அவருக்கு மட்டுமா, அவளுக்கும்தான். எல்லாம் தெரியும். ஆனால் பால்கனிக்குப் போனால் அந்தத் தகரக்கூரை தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

மறுநாள் தனியாக வார்டு அலுவலகத்துக்குப் போனாள். இன்ஜினியர் வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். புகாரை மறுபடி திறக்க வேண்டும் என்றாள். "திறக்கலாமே! யார் திருப்தின்னு எழுதினாங்களோ அவங்க வந்து இல்லைன்னு எழுதட்டும். ரூல் அப்படித்தான் மேடம்." புதுப் புகார் கொடுத்தால்? "அதே இடம், அதே குழாய். ஏற்கெனவே தீர்ந்த விஷயம்னு திருப்பி அனுப்பிடுவாங்க." கதவு மூடியிருந்தது, சாவி ஸ்ரீவத்சன் சட்டைப்பையில் இருந்தது. அதை அந்த ஆளும் நன்றாக அறிந்திருந்தார்.

பட்டு விட்டாளா? அடுத்த திங்கட்கிழமை மூன்று மணிக்கு மறுபடியும் போய் அதே மேஜையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அம்ருதா வரவில்லை. ஷிஃப்ட் என்றாள், ஒருவேளை வர மனசில்லாமலும் இருக்கலாம். கடைசித் தாளைத் தள்ளிவிட்டு முதல் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மனுவின் பின்பக்கம் கையெழுத்துகள். முப்பத்துநாலு. முதலாவது ஸ்ரீவத்சன், செக்ரட்டரி. அப்புறம் சொசைட்டிக்காரர்கள், சந்துக்காரர்கள், பெருவிரல் ரேகை ஒன்று. இருபத்திரண்டாவதாகத் தமிழில் ஒரு கையெழுத்து. பட்டு.

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. வாட்ச்மேன் தாளோடு வந்து மணியடித்திருப்பார், அடுப்பில் ஏதோ கொதித்திருக்கும், என்ன ஏது என்று பார்க்காமல் கதவில் வைத்துப் போட்டுக் கொடுத்திருப்பாள். கதவின் பூவேலைப்பாடுகூடத் தாளில் லேசாகப் பதிந்திருந்தது. அட, நானும் ஒரு புகார்தாரர்தானே! முப்பத்துநாலு பேருக்கும் திருப்தி என்று ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்? என்னை யார் கேட்டது? ஒரு கோப்பை மூடும் முன் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்து மார்க் வாங்கியவள் அவள். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினாள். 'நான் இந்த மனுவில் இருபத்திரண்டாவதாகக் கையெழுத்திட்டவள். எனக்குத் திருப்தி இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. புகாரைத் திறந்து, எல்லாப் புகார்தாரர்கள் முன்னிலையிலும் இடத்தைப் பார்வையிட வேண்டும்.'

இன்ஜினியர் அதைப் படித்தார். சிரிப்பு குறைந்தது. "முதல் கையெழுத்து போட்ட சார் உங்களுக்கு…?"

"வீட்டுக்காரர்."

"அப்படின்னா இது ஃபேமிலி மேட்டர் மேடம். புருஷன் பெண்டாட்டி வீட்லயே பேசித் தீர்த்துக்கலாமே. ஃபைல்ல எதுக்கு?"

"வீட்ல அவர் என் புருஷன். இந்த ஃபைல்ல அவர் ஒண்ணாம் நம்பர், நான் இருபத்திரண்டாம் நம்பர்" என்றாள் பட்டு, நல்ல மராத்தியில். "ஃபைலை நான் வீட்ல தீர்த்துக்கறதில்ல. நீங்கதான் ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து தீர்த்தீங்க."

வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு நம்பர் போட்டுத் தருகிறோம் என்றார்கள். முத்திரை இல்லாமல் வைத்த தாள் குப்பைத் தாள் என்பதைத் தெரிந்துகொள்ள எம்.ஏ. வேண்டியதில்லை. அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணியானது, ஃபேனை நிறுத்தினார்கள், ஒரு பக்கத்து விளக்கை அணைத்தார்கள். "பூட்டணும் மேடம்" என்றார் கிளார்க். "பூட்டுங்கோ, நான் எங்க போறேன்?" என்று தமிழிலேயே சொன்னாள். ஐந்தே முக்காலுக்கு உள்வரவு முத்திரை தொப்பென்று விழுந்தது.

வீட்டுக்குப் போய் ஸ்ரீவத்சனிடம் நகலை நீட்டினாள். மறைத்துச் செய்யும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவர் இரண்டு தடவை படித்தார். "நான் கேட்டுண்டது உனக்கு ஒரு பொருட்டாவே தோணலை, இல்லையா?" என்றார். "தோணித்து. ரொம்பவே தோணித்து. ஆனா அந்தப் பொண்ணு கிராம சபை நல்ல டாபிக்தான்னு சொல்லித்தே, அதுவும் தோணித்து" என்றாள் பட்டு. அன்றிலிருந்து அவர் பேச்சை நிறுத்திவிட்டார். இன்றைக்கு டிபன் பாக்ஸ் வேண்டாம் என்பதைச் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போடாத குறைதான். மூன்றாம் நாள் இவளுக்கு அழுகை வந்தது. அழுதாள், முகத்தைக் கழுவிக்கொண்டாள், மனுவை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

நோட்டீஸ் வந்தது. ஜூலை பதினேழு, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி, கூட்டுப் பார்வையிடல், மனுதாரர்கள் அனைவரும் ஆஜராகவும். ஸ்ரீவத்சன் பேருக்கும் ஒன்று வந்தது. அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்று காலை வழக்கம்போல எட்டரைக்கு அலுவலகம் கிளம்பிப் போய்விட்டார். சரி, வராவிட்டால் போகட்டும் என்று பட்டு பின்சுவரைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனாள். அந்தச் சந்துக்குள் அவள் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

சந்தில் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அம்ருதா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக் குழாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னொரு வீட்டுக் குழாய். அதிலும் காற்று. சந்துக்குத் தண்ணீர் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான், அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் பதினொரு மணி என்று போட்டிருக்கிறார். ஒரு பெண் அண்டாவில் பிடித்து வைத்ததைக் காட்டினாள். "பிடிச்சு வெச்ச தண்ணியை நாங்க எடுத்துக்க முடியாது. உங்க பாத்திரத்துல என்ன இருந்ததோ?" என்றார். கிளிப் அட்டையில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். நேரில் பார்த்ததை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் தாள், பஞ்சநாமா என்பார்கள். "குழாயில் கலங்கலோ நாற்றமோ காணப்படவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"தண்ணியே காணப்படலைன்னு எழுதுங்க!" என்று கத்தினாள் பட்டு.

அப்போதுதான் சந்து முனையில் ஸ்ரீவத்சன் வந்தார். அரைநாள் லீவு போட்டிருக்க வேண்டும், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. தன் கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்துவிட்டார் என்றுதான் பட்டு நினைத்தாள். இன்ஜினியரும் அப்படித்தான் நினைத்தார். "வாங்க சார், வாங்க! உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. முதல் கையெழுத்து நீங்களே போட்டுடுங்க" என்று அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோபதாபம் எல்லாம் அப்புறம். அம்ருதாவின் அம்மா உள்ளே போய் ஒரு தட்டில் டம்ளர் வைத்து எடுத்துவந்து ஸ்ரீவத்சனிடம் நீட்டினாள். இவர்தான் அந்தக் கையெழுத்துக்காரர் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. "காய்ச்சினதுதான் சாகேப், துணியில வடிகட்டியிருக்கேன்" என்றாள்.

ஸ்ரீவத்சன் டம்ளரை வாங்கினார். துணியில் வடிகட்டிய பிறகும் அது வெந்நீரில் மஞ்சள் கரைத்த நிறத்தில் இருந்தது. வாய்ப் பக்கம் கொண்டுபோனார்; பாதியில் கை நின்றது. சந்து முழுக்க அவரையே பார்த்தது. அவர் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"தண்ணி எத்தனை மணிக்கு வரும் இங்க?" என்று கேட்டார்.

"காலையில ஆறுலேருந்து ஏழு" என்றாள் அம்ருதா.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு டம்ளரை இன்ஜினியரிடம் நீட்டினார். "இதைக் குடிங்க. நீங்க குடிச்சா நான் இன்னொரு தடவையும் திருப்தின்னு எழுதித் தரேன்."

"எதுக்கு சார், என்கிட்ட பாட்டில் இருக்கு…"

"தெரியும். என்கிட்டயும் இருக்கு."

இன்ஜினியர் கையை நீட்டவில்லை. ஸ்ரீவத்சன் டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த அம்மாளிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் தாழ்ந்த குரலில் சொன்னார். அட்டையை வாங்கினார். நின்ற வாக்கில் எழுத வராது அவருக்கு. சந்தில் கிடந்த சிமென்ட் திண்டில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, ஆபீஸ் நோட் எழுதுவதுபோலப் பத்தி பிரித்து எழுதினார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்ச் முப்பதாம் தேதி நான் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல. இந்தச் சந்தின் தண்ணீரை நான் பார்க்கவில்லை. அதிகாரி கேட்டுக்கொண்டதன் பேரில் கையெழுத்திட்டேன். இன்று பார்த்தேன், குடிக்கத் தக்கதல்ல. தண்ணீர் வரும் காலை ஆறு மணிக்கே மாதிரி எடுக்க வேண்டும். எழுதி முடித்துத் தலையைத் தூக்கிப் பட்டுவைப் பார்த்தார். பத்து நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"இன்னிக்கு என்ன தேதி?"

"பதினேழு" என்றாள்.

அவர் தேதியைப் போட்டார், வாலை நீட்டிப் புள்ளி வைத்தார். அவருக்குக் கீழே பட்டு போட்டாள், அவளுக்குக் கீழே அம்ருதா, அப்புறம் சந்தே வரிசையில் நின்றது. கடைசி ஆள் போட்டு முடித்ததும் இன்ஜினியர் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் திணித்து, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

பட்டு ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றாள். "நகல்?"

"ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கோங்க மேடம். வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க."

"போட்டோ நகல் இல்ல. ரோட்டு முனையில ஜெராக்ஸ் கடை இருக்கு. உங்க கையெழுத்து போட்ட நகல் என் கையில வரணும். அது இல்லாம இந்தச் சந்தைத் தாண்ட விடமாட்டேன்."

"இது சர்க்கார் வேலைக்குத் தடை மேடம். கேஸ் ஆகும், தெரியுமா? சார், நீங்களாவது சொல்லுங்க. ரிட்டயர் ஆகப்போற நேரம் உங்களுக்கு."

ஸ்ரீவத்சன் எழுந்தார். பேன்ட்டில் ஒட்டிய சிமென்ட் தூசியைத் தட்டிக்கொண்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றவில்லை, சட்டைக்குள் மறைக்கவும் இல்லை. நிதானமாக நடந்து வந்து, ஸ்கூட்டருக்கு முன்னால், பட்டுவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.